மேகாங் ஆற்றில் ஒரு தாம்பூலத் தட்டு

1

சைகானில் வெளிநாட்டுக்காரன் வீட்டில் விருந்தாளி தங்கினால் வார்டு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். விருந்தாளியின் பெயர், பாஸ்போர்ட் எண், வீட்டுக்காரனுக்கு என்ன உறவு, வருகையின் நோக்கம் என்ன. இருபத்தொரு வருடத்தில் இப்படி எத்தனையோ படிவங்களை நிரப்பியாயிற்று. என் வசிப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் என்னிடமும் இதே நோக்கத்தைத்தான் கேட்கிறார்கள். ‘வேலை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். காலணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. இரண்டு வருட ஒப்பந்தம் என்று சொல்லித்தான் வந்தேன்.

போன மாதம் என் அக்கா பவளம் சோழவந்தானிலிருந்து வந்து இறங்கினாள். மதுரையிலிருந்து கிளம்பிய பதினெட்டுப் பேர் கொண்ட சுற்றுலாக் குழுவோடு வந்தவள், மற்றவர்களை ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு எங்கள் வீட்டில் தங்கினாள். மச்சானுக்கு மூட்டுவலி. வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சவும் ஆள் வேண்டும். அதனால் அவர் வரவில்லை. வந்த அன்று மாலை மேசையில் உட்கார்ந்து நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அக்கா காப்பித் தம்ளரோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“என்னடா எழுதுற?”

“நீ எதுக்கு வந்துருக்கேன்னு கேக்குறாங்க, அக்கா.”

“சம்பந்தம் பேச வந்துருக்கேன்னு போடு. வேறெதுக்கு வந்தேன்?”

நான் சிரித்து மழுப்பினேன். ‘சுற்றுலா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2

சம்பந்தம் என்று அக்கா சொன்னது என் மகள் கயலை. அக்காவின் மகன் செந்திலுக்கு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மகள் என்றால் முதல் உரிமை அத்தை மகனுக்கு. யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும்.

இருபத்தொரு வருடத்துக்கு முன்பு மதுரை ஜங்ஷனில் சென்னை ரயிலுக்கு நின்றோம். கயலுக்கு அப்போது நான்கு வயது. அவளை இடுப்பில் வைத்திருந்த அக்கா கடைசிவரை எங்களிடம் தரவில்லை. ரயில் கிளம்பப் போகிறது, இவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். “உன் மருமகளத்தான கொண்டு போறேன், திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றேன்க்கா” என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் அவள் கை தளர்ந்தது. ரயில் வைகைப் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்காது, நான் அதை மறந்துவிட்டேன். அக்கா மறக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கயல் நேராகவே சொல்லிவிட்டாள். “செந்தில் அத்தான் நல்லவரு, அப்பா. ஆனா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அத்தைகிட்ட நீங்க சொல்லிருங்க. நானே சொன்னா மரியாதையா இருக்காது.” சரி என்றேன். அடுத்த வாரம், சொன்னீர்களா என்று கேட்டாள்.

“சொல்லிட்டேம்மா.”

“அத்தை கோவிச்சுக்கிட்டாங்களா?”

“இல்லம்மா. புரிஞ்சுக்கிட்டா.”

இதில் ஒரு எழுத்துகூட உண்மை இல்லை. அக்காவுக்குப் போன் போட்டேன், மழை பெய்ததா என்று கேட்டேன், வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் பேச்சை எடுக்கும்போதெல்லாம் “பாக்கலாம்க்கா, அவ வேலையில இருக்கா” என்று தள்ளினேன். தொழிற்சாலையில் ஒரு தையல் பிசகியிருந்தால் ஆயிரம் ஜோடியையும் திருப்பி அனுப்புகிறவன் நான். சொந்த அக்காவிடம் ஒரு ‘வேண்டாம்’ சொல்ல எனக்குத் துப்பில்லை.

ஆக, அக்கா சம்பந்தம் பேச வந்திருக்கிறாள். கயலோ, அத்தைக்கு எல்லாம் தெரியும், பெருந்தன்மையாக விட்டுவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் முழு நாள் போகப் போகிறார்கள், கூட நானும். “நாளைக்குச் சொல்லிருங்க. இல்லாட்டி நான் சொல்லிருவேன்” என்று, எங்களோடு வராத என் மனைவி மீனா படுக்கப் போகுமுன் எச்சரித்தாள்.

3

கயல் தமிழ்நாட்டிலிருந்து வருகிற குழுக்களோடு போகிறவள். வழிகாட்டி என்று சொல்லக் கூடாது. அந்த அட்டை இந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். நான்கு வயதிலிருந்து இங்கேயே வளர்ந்து, தூக்கத்தில்கூட வியட்நாமிய மொழியில் எண்ணுகிறவளுக்கு அட்டை கிடையாது. அட்டை வைத்திருக்கிற லாம் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார், அவர் சொல்வதை இவள் தமிழில் சொல்வாள். காலையில், அமெரிக்காவோடு நடந்த போரில் ஆட்கள் ஒளிந்திருந்த கூச்சி சுரங்கங்கள், மதியத்துக்கு மேல் மேகாங் ஆறு. ஒரே நாளில் போரும் படகும்.

காட்டுக்குள் ஒரு மண்மேட்டைக் காட்டி லாம் ஏதோ சொன்னார். “இது கரையான் புற்று மாதிரி இருக்கும். ஆனா உள்ளே இருந்தவங்களுக்குக் காற்று போற வழி” என்றாள் கயல். சமையல் புகையை நேரே மேலே விட்டால் விமானத்திலிருப்பவனுக்குத் தெரிந்துவிடும் என்பதால், மண்ணுக்குள்ளேயே அறை அறையாகச் சுற்றவிட்டுத் தூரத்தில் விடியற்காலைப் பனியோடு கலக்கவிட்டார்களாம்.

“இது பொம்பளைக புத்திதேன்” என்றாள் அக்கா. “அடுப்படியில நிக்கிறவளுக்குத்தேன் புகையப் பத்தித் தெரியும்.”

குழு சிரித்தது. லாமுக்குக் கயல் அதை மொழிபெயர்த்தாள். அவரும் சிரித்து, இருக்கலாம் என்று தலையாட்டினார்.

இந்தப் பொந்துகளுக்குள் குழந்தைகள்கூடப் பிறந்திருக்கின்றன என்று கயல் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. “பச்சப்பிள்ள அழுதா மேல நிக்கிறவனுக்குக் கேட்டுராதா? என்ன பண்ணுனாக?”

கயல் லாமிடம் கேட்டாள். அவர் கொடியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு சுருக்கமாகப் பதில் சொன்னார்.

“தெரிஞ்சவங்க யாரும் சொல்லலையாம், அத்தை.”

தூரத்தில், சுற்றுலாக்காரர்கள் காசு கொடுத்துச் சுடுகிற துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தது.

சுற்றுலாக்காரர்கள் போவதற்கென்று கொஞ்சம் அகலப்படுத்திய ஒரு சுரங்கம் இருக்கிறது. தவழ்ந்துதான் போக வேண்டும். “கொஞ்ச தூரத்துக்கு ஒரு வாசல் வரும். முடியாதவங்க முதல் வாசல்லயே ஏறிடலாம், வெட்கப்பட வேண்டாம்” என்றாள் கயல். அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். குழுவில் பாதிப் பேர் மேலேயே நின்றுகொண்டார்கள். வேறு வழியில்லாமல் அவளுக்குப் பின்னால் நானும் இறங்கினேன்.

உள்ளே புழுக்கம். சின்ன விளக்கு எங்கோ ஒன்று. அக்காவின் குதிகால் மட்டும் என் முகத்துக்கு முன்னால் தெரிந்தது.

“தம்பி, பின்னாடிதான வார?”

“வாரேன்க்கா.”

“இங்கன நம்ம ரெண்டு பேருதேன். செந்திலு விசயத்த இப்பவே ஒரு முடிவாப் பேசிருவமா?”

அந்த நேரம் பார்த்து இடதுபக்கம் வெளிச்சம் வந்தது. முதல் வாசல். “அக்கா, எனக்கு மூச்சு முட்டுது” என்று சொல்லிப் படியில் ஏறி வெளியே வந்துவிட்டேன். மூச்சு முட்டவே இல்லை.

அக்கா கடைசி வாசல் வரைக்கும் போய், தலையெல்லாம் செம்மண்ணோடு ஏறி வந்தாள். அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் ஏறினார்.

“எங்கடா போன நீ? நான் பாட்டுக்கு இந்த ஆளுகிட்ட நம்ம வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டே வந்துருக்கேன். அவரும் உம் உம்முங்குறாரு.”

4

சுரங்கத்துக்குள் இருந்தவர்கள் சாப்பிட்டது என்று அவித்த மரவள்ளிக்கிழங்கும் பொடித்த வேர்க்கடலையும் தந்தார்கள். கயல் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி அத்தைக்குக் கொடுத்தாள். இங்கே பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையால்தான் கொடுப்பார்கள். முந்தின நாள் விமான நிலையத்திலும் இந்த ஊர்ப் பிள்ளைகள்போலக் கையைக் கட்டிக்கொண்டு அத்தைக்குத் தலை குனிந்தாள். அக்கா அதைப் பார்த்து, “என்னத்தா, குளிருதா?” என்று கேட்டாள். வணக்கம் என்று விளக்கியதும் நெகிழ்ந்துபோனாள். அன்றைக்கு முழுக்க அத்தைக்குக் குடை பிடிப்பதும், தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுப்பதும், பஸ் படியில் கை கொடுப்பதுமாக இருந்தாள் கயல்.

பஸ்ஸில் அக்கா என் விலாவில் இடித்தாள். “பாத்தியா? சொல்லித்தரணுமா? ரத்தம்டா. இம்புட்டுத் தூரத்துல வளந்தும் மாமியாளுக்குச் செய்ய வேண்டியதச் செய்யுது பாரு.”

சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் கயல் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. “அத்தைக்கு எவ்வளவு பெரிய மனசு, அப்பா. நான் வேண்டாம்னு சொன்னதுக்கு முகம்கூடச் சுளிக்கல. என்னால முடிஞ்சது இதுதான், இன்னைக்கு ஒருநாளாவது நல்லாப் பாத்துக்கிறேன்.”

ஒருத்தி நன்றியில் செய்கிறாள், இன்னொருத்தி அதை உரிமையாக எடுத்துக்கொள்கிறாள். இரண்டுக்கும் நடுவில் நான் சோயா சாஸைச் சாதத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதே எழுந்து இருவரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு படகு ஏறட்டும் என்று நினைத்தேன். நான் இப்படித்தான் இருபத்தொரு வருடத்தை ஓட்டியிருக்கிறேன்.

மீத்தோ படகுத்துறையில் மேகாங்கைப் பார்த்ததும் அக்கா நெற்றியில் கை வைத்து அக்கரையைத் தேடினாள். கரைக்குக் கரை பழுப்புத் தண்ணீர். மணல் ஏற்றிய கப்பல்கள், படகிலேயே குடும்பம் நடத்துகிறவர்களின் துணிக்கொடிகள், முன்புறம் இரண்டு கண் வரைந்த மரப்படகுகள். அவள் ஆயுசில் ஏறிய ஒரே படகு வண்டியூர் தெப்பக்குளத்தில் மைய மண்டபத்துக்குப் போனதுதான்.

“இம்புட்டுத் தண்ணியும் எங்கிட்டுடா போகுது?”

“கடலுக்குத்தான்.”

“நம்ம வைகைக்கு ஒரு நா திருப்பி விடச் சொல்லு. கொடிக்கால் நனஞ்சதும் திருப்பிக் குடுத்துரலாம்.”

5

பெரிய படகு எங்களை ஒரு தீவில் இறக்கியது. தென்னந்தோப்புக்குள் ஒரு வீட்டில் தேன் கலந்த டீ, தேங்காய் மிட்டாய், பழங்கள். வீட்டுக்காரி சாவ் அக்கா. அந்தப் பக்கத்தில் பிறந்த வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள், சாவ் என்றால் ஆறு. அவர் ஒரு சிவப்புத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு குலை பச்சைப்பாக்கும், அடுக்கிய வெற்றிலையும். “இந்த ஊர்லயும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெற்றிலை பாக்கு கொண்டுவந்துதான் பொண்ணு கேப்பாங்க” என்றாள் கயல்.

“அடியாத்தீ!” என்று அக்கா எழுந்துவிட்டாள். ஒரு இலையை எடுத்து முதுகைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்து நரம்பைப் பார்த்து, முனையைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். “இல தடிப்பு. காரம் பத்தாது. தண்ணி அதிகம் குடிச்ச கொடி.” சாவ் அக்கா என்னவென்று கேட்க, கயல் கொஞ்சம் மரியாதை சேர்த்து மொழிபெயர்த்தாள்.

அதற்குள் அக்கா தன் பையைத் திறந்திருந்தாள். ஈரத்துணி சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தாள். சோழவந்தான் வெற்றிலை, ஓரம் கொஞ்சம் கறுத்திருந்தாலும் வாசனை கூடமெல்லாம் பரவியது. விமான நிலையத்தில் யாரும் அந்தப் பையைத் திறந்து பார்க்காதது என் கெட்ட நேரம். சாவ் அக்காவின் தட்டை ஒரு தலையசைப்பில் இரவல் வாங்கி, இருபத்தொரு இலையை எண்ணி நுனி மாறாமல் அடுக்கினாள். மேலே கொட்டைப்பாக்கு, விரலி மஞ்சள், ஒரு எலுமிச்சம்பழம். தட்டைத் தூக்கி என் முன்னால் நீட்டினாள்.

“நம்ம ஊர்க்காரக இத்தன பேரு இருக்காக. ஆத்துத் தண்ணியும் சாட்சி. எம்மகனுக்கு உம்மகளக் கேக்குறேன் தம்பி. வாங்கிக்க.”

இங்கே எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. நீட்டிய தாம்பூலத்தை வாங்காமல் நிற்பது நீட்டியவரை வாசலோடு திருப்பி அனுப்புவதைப் போல. நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே இது கைக்குத் தெரிந்துவிடுகிறது. என் வாய் ‘இரு, அக்கா’ என்று சொல்லத் திறந்தது. அதற்கு முன்பே என் இரண்டு கைகளும் நீண்டு தட்டை வாங்கிவிட்டன. சைகான் போக்குவரத்து, வியட்நாமியப் படிவங்கள், இருபத்தொரு வருடம், எதுவும் அந்தக் கையை மாற்றவில்லை.

வண்டியூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர்தான் முதலில் ஆரம்பித்தார். குலவை. உடனே மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து மேசையிலிருந்த கொரியாக்காரர்கள் கைதட்டினார்கள். சாவ் அக்கா மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு தேங்காய் மிட்டாய் தந்தார்.

நான் கயலைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வேலையில் இருக்கிறவள், விருந்தினர்கள் முன்னால் எதுவும் சொல்ல முடியாது. “சின்னப் படகு தயார். மூணு மூணு பேரா வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

6

சின்னப் படகில் ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார முடியும். முன்னால் அக்கா, நடுவில் நான், எனக்குப் பின்னால் கயல். கடைசியில் கூம்புத் தொப்பி போட்ட ஒரு பெண் துடுப்புப் போட்டார். ஓடை குறுகல். இரண்டு பக்கமும் தண்ணீரிலேயே முளைத்த ஓலைகள் மேலே கூடி நின்றன. சாவ் அக்கா திரும்ப வாங்க மறுத்த தட்டு என் மடியில். தாம்பூலத்தைத் தரையில் வைக்கக் கூடாது. அக்காவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், காலையில் சுரங்கத்தில் பார்த்ததைப்போல. இங்கே ஏறிப் போக வாசல் எதுவும் இல்லை.

“அக்கா.”

“சொல்லு.”

“நான் இத வாங்கியிருக்கக் கூடாது.”

துடுப்பு இரண்டு முறை தண்ணீரில் விழுந்தது. “அப்ப ஏன் வாங்குன?”

“கை நீண்டுருச்சு.”

பின்னாலிருந்து கயல் கேட்டாள். “அப்பா, அத்தைகிட்டச் சொல்லிட்டேன்னு சொன்னீங்களே?”

அக்கா சடாரென்று திரும்பினாள். படகு ஆடித் தண்ணீர் உள்ளே தெறித்தது. துடுப்புக்காரப் பெண் கத்தினார்.

“என்னத்தச் சொன்னான்?”

“எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்னு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே, அத்தை. அத்தான் மேல ஒரு குறையும் இல்ல. என் வாழ்க்கை இங்கதான் இருக்கு. உங்ககிட்டச் சொல்லியாச்சு, நீங்க புரிஞ்சுக்கிட்டீங்கன்னு அப்பா சொன்னாரு. அதான் நான் காலையிலிருந்து…”

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குரலை உயர்த்தாமலே பேசினாள்.

“ரெண்டு வருசத்துல எம்மகனுக்கு மூணு எடம் வந்துச்சு. நாகமலைப் புதுக்கோட்டையில ஒரு டீச்சர் பிள்ள. செந்திலுக்கு அந்தப் பிள்ளயப் பிடிச்சிருந்துச்சுடா. அவன் வாய்விட்டு எங்கிட்டச் சொன்னான். நான்தேன், மாமன் மக இருக்கும்போது வெளிய எடுத்தா எந்தம்பிக்கு மரியாத இல்லன்னு திருப்பி விட்டேன். போன ஆவணியில அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு. எம்மகனுக்கு முப்பத்திரண்டு.”

தட்டில் உருண்ட எலுமிச்சம்பழத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

“நீ மழுப்புறது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தேன் தட்ட நீட்டுனேன். ஒண்ணு வாங்குவ, இல்லாட்டி மாட்டேம்ப, ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுப் போவோம்னு வந்தேன். வாங்கிட்டு மூஞ்சியத் தொங்கப் போடுற ஆள இப்பத்தேன் பாக்குறேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வேண்டாம்க்கான்னு ஒரு வார்த்த. அழுதுருப்பேன். ரெண்டு மாசம் பேசாம இருந்துருப்பேன். அம்புட்டுத்தேன். அக்காதான நான், வேத்தாளா?”

“தப்புதான்க்கா.”

“தட்டக் குடு.”

ஆற்றில் எறியப் போகிறாள் என்று நினைத்தேன். கொடுத்தேன். அவள் மடியில் வைத்து ஒரு இலையை எடுத்தாள். காம்பைக் கிள்ளினாள், நுனியைக் கிள்ளினாள், சுருக்குப்பையிலிருந்த சுண்ணாம்பை முதுகில் தடவிச் சீவல் வைத்து மடித்தாள்.

“கயலு, இந்தாத்தா. தின்னு.”

“அத்தை?”

“வாங்குன தாம்பூலத்தத் திருப்பிக் கொண்டு போனா ஒறவு அத்துப்போகும். தின்னு முடிச்சுட்டா வெறும் வெத்தல. நம்ம கொடிக்கால் எல, நல்லாருக்கும். அழுவாத. உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல.”

கயல் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். அவள் வெற்றிலை போடுவது அதுதான் முதல் தடவை, காரத்தில் இருமினாள். அடுத்ததை மடித்து, என் தலைக்கு மேலே கையை நீட்டிக் கயல் வழியாகத் துடுப்புக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தாள் அக்கா. அவர் வாயில் போட்டு மென்று, கண்ணை விரித்து, பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். மூன்றாவதைத் தான் போட்டுக்கொண்டாள்.

எனக்குத் தரவில்லை.

“செந்திலுக்கு நீதேன் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், பிள்ளையும் சொல்லாது. கரை ஏறுனதும் சொல்லு.”

7

படகுத்துறையில் எல்லோரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றேன். இதையும் நாளைக்குச் செய்யலாம் என்று மனசு சொன்னது. அதற்குள் போனில் செந்தில் பெயரை அழுத்திவிட்டேன்.

“சொல்லுங்க மாமா. அம்மா நல்லா இருக்காங்களா?”

“இருக்கா. மாப்ள, கயலுக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பமில்ல. ரெண்டு வருசம் முன்னாடியே சொல்லிட்டா. நான் உங்ககிட்டச் சொல்லல. உன் ரெண்டு வருசத்தத் தின்னது நான்தான். அந்த டீச்சர் பிள்ள விசயம் இன்னைக்குத்தான் தெரியும்.”

அவன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி லேபில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது கேட்டது.

“நானே உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டுருந்தா சொல்லிருப்பீங்களா மாமா?”

சொல்லியிருப்பேன் என்று சொல்லலாம். அவனால் சோதித்துப் பார்க்க முடியாது.

“மாட்டேன் மாப்ள.”

“ம். கயலு நல்லா இருக்கட்டும். வேலையா இருக்கேன், வச்சுர்றேன்.” மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அது அவன் பாடு.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம். அவளுக்குப் பக்கத்தில் கயல், உதடு சிவந்து. நான் அவர்களுக்குப் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

“சொல்லிட்டியா?” என்றாள் அக்கா, திரும்பாமல்.

“சொல்லிட்டேன்.”

அவள் நம்பவில்லை. நம்ப வேண்டிய காரணமும் இல்லை. கையை நீட்டினாள், போனை அவள் கையில் வைத்தேன். எட்டப் பிடித்து, செந்தில் பெயரையும் பேசிய நேரத்தையும் பார்த்தாள். திருப்பித் தந்தாள். பஸ் கிளம்பிப் பெரிய பாலம் ஏறியது. கீழே ஆறு.

கொஞ்ச நேரம் கழித்து, இருக்கைகளுக்கு நடுவிலிருந்த சந்தில் அக்காவின் கை பின்பக்கமாக வந்தது. உள்ளங்கையில் மடித்த வெற்றிலை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கி வாயில் போட்டேன். காரம் மண்டைக்கு ஏறியது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கயல் திரும்பினாள்.

“காரமா இருக்கா, அப்பா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இல்லம்மா” என்றேன்.